இருமல் நோனாவும் ஆலங்குடாப் பிள்ளைப் பங்கும்

கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரைக்கும் எந்தக் கரையிலாவது பிள்ளைகள் வரிசையாக நின்று, ஒரு நோயும் இல்லாமல், ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு இருமினால் அனஸ்தாசியா நோனா வருகிறாள் என்று அர்த்தம்.

பழி அவள்மேல்தான். கரையோரப் பிள்ளைப் பராமரிப்புச் சங்கம் அவளுடைய பொறுப்பில் விட்ட பிள்ளைகளை ஓரிடத்தில் சேர்த்தால் ஒரு பள்ளிக்கூடம் நிரம்பி, மிச்சமானவர்கள் கூரையில் ஏறி உட்கார வேண்டியிருக்கும். தாய் இல்லாதது, தகப்பனைக் கடல் கொண்டுபோனது, தகப்பன் இருந்தும் கள்ளுத் தவறணையிலேயே குடியிருப்பது, உப்பளத்துக்கு வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கழுதையில் ஏறிச் சவாரி போவது என்று எல்லா வகையும் அதில் உண்டு. முகம் ஞாபகம் இருந்தால் பெயர் மறந்துவிடும். பெயர் ஞாபகம் வந்தால் வீடு மறந்துவிடும். ஒருமுறை மதுரங்குளியில் ஒரு பையனைப் பிடித்து, திருட்டுப் புத்தியை விடச் சொல்லி அரை மணித்தியாலம் அழ அழ உபதேசம் பண்ணினாள். அவன் பள்ளிக்கூடத்தில் நல்லொழுக்கப் பரிசு வாங்கினவன். திருடன் பக்கத்தில் நின்று, "நல்லாச் சொல்லுங்க நோனா" என்று தலையாட்டிக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகுதான் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். எந்த வீட்டிலும் ஒரு பிள்ளைக்காவது இருமல் இருக்கும். ஆகவே படலையைத் திறக்கும்போதே, "இருமல் எப்படி, குஞ்சு?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனாள். வீட்டுக்காரிகள் பூரித்துப்போனார்கள். இவ்வளவு பிள்ளைகளுக்கு நடுவில் எங்கட பிள்ளையின் இருமலை நோனா மறக்கவில்லையே! இருமின பிள்ளைக்கு அவள் கைப்பையிலிருந்து ஒரு கற்கண்டுத் துண்டு கிடைக்கும். இது பிள்ளைகள் மத்தியில் பரவ எவ்வளவு நேரம் எடுக்கும்?

"நீங்க வந்துட்டுப் போனா நோனா, ரெண்டு மூணு நாளைக்கி இந்த ஊடு ஆஸ்பத்திரி மாதிரித்தான் ஈக்கி" என்றாள் கனமூலை ஹவ்வா உம்மா. இறந்துபோன தங்கையின் பிள்ளைகள் இரண்டை வளர்க்கிறவள். "சின்னவன் தூக்கத்திலயும் இருமுறான். கேட்டா, பழகுறானாம்!"

அனஸ்தாசியா சிலாபத்துப் பெண். பேக்கரி யாகப்புவின் கடைசி மகள். விடியப் பாண் சூட்டோடு எழும்பிப் பழகியவள். மலேரியாக் காய்ச்சல் வீடு வீடாகப் புகுந்த வருடத்தில் கஞ்சித் தொட்டிக்குப் பக்கத்தில் அகப்பையோடு நின்றாள். அவளைப் பார்த்த சங்கத்துப் பெரியவர்கள், "இந்தப் பிள்ளைக்குக் களைப்பே வராது போல" என்றார்கள். அதுதான் அவளுடைய தகுதி; அதற்குத்தான் வேலையும் தந்தார்கள். ஒரு குடை, ஒரு சைக்கிள், கொஞ்சம் பிள்ளைகள் என்று நினைத்துத்தான் அவளும் சரி சொன்னாள். சைக்கிள் மணலில் புதைந்தது. புத்தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் கலியாணம் கட்டி மன்னாருக்குப் போக, அவளுடைய பிள்ளைகளைத் தற்காலிகமாக அனஸ்தாசியாவிடம் தந்தார்கள். கற்பிட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கண் பார்வை குறைந்து வீட்டோடு இருந்தார். அவருடைய பிள்ளைகளும் தற்காலிகமாக வந்து சேர்ந்தார்கள். தற்காலிகமாக வந்த எதையும் அந்தச் சங்கம் திருப்பி எடுத்ததாகச் சரித்திரமே இல்லை.

சங்கத்தின் செக்கிரட்டரி ஓல்மஸ் துரை புத்தளத்துப் பறங்கியர். தொப்பி, பிரம்பு, மெழுகு தடவின மீசை. இன்னொரு ஆள் வேண்டும் என்று அனஸ்தாசியா கேட்டபோதெல்லாம் அவர் மீசையை ஒரு பக்கம் முறுக்கி, "மிஸ் அனஸ்தாசியா, யுத்தம் நடக்குது, தெரியாதா?" என்றார். யுத்தம் முடிந்தது. அடுத்த நாளே போய்க் கேட்டாள். அவர் மற்றப் பக்கத்தை முறுக்கினார்.

"மிஸ் அனஸ்தாசியா, யுத்தம் இப்பத்தானே முடிஞ்சது!"

இப்படி இருக்கும்போதுதான், அடுத்த வருடத்து மாசி மாதத்தில், ஒரு திங்கட்கிழமை துரை அவளைக் கூப்பிட்டார்.

"ஆலங்குடாவில ஒரு பிள்ளை இருக்கு. அல்பொன்சா. தாய் இல்லை, தகப்பன் இல்லை. ஒரு நாள் ஒரு குடிசை, மற்ற நாள் வேற குடிசை. இது என்ன மேன், பிள்ளையா, தபாலா?"

அனஸ்தாசியாவுக்கு ஒரு கணம் அந்த முகம் வரவில்லை. கிளித்தட்டு ஆடுகிற பிள்ளையா? சொத்தைப் பல்லா? பிறகு வந்தது. எட்டு வயது. யாரைக் கண்டாலும் அவர்களைப் போலவே பேசிக்காட்டும் வாய். சுவாமியார் பிரசங்கம் பண்ணுவது, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் மூக்குச் சிந்துவது, சேவல் சண்டைக்கு முன் தொண்டையைச் செருமுவது எல்லாம் அந்தச் சின்ன வாய்க்குள் இருந்தன. வலைக்காலம் தொடங்கு முன் போனபோது அந்தப் பிள்ளை அவளுடைய குடையைப் பிடித்துக்கொண்டு, "என்னைக் கொழும்புக்கு அனுப்பிப் போடுவாங்களாம், மெய்யா?" என்று கேட்டது. "நான் இருக்குமட்டும் ஒருத்தரும் உன்னைக் கொண்டுபோக ஏலாது" என்று இவளும் சொல்லிவிட்டு வந்தாள். வந்தவள்தான், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போக நேரமே கிடைக்கவில்லை.

"சனிக்கிழமை நானே வந்து கொழும்பு விடுதிக்குக் கூட்டிக்கொண்டு போறன்" என்றார் துரை. "நான் கல்நெஞ்சுக்காரன் இல்லை. ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், 'இது என்ட பிள்ளை' எண்டு சொல்லட்டும். விட்டிட்டு வாறன்."

வெள்ளிக்கிழமையே ஆலங்குடாவுக்குப் போய், ஒரு வீட்டுக்காரியைப் பிடித்துச் சொல்லி வைத்துவிடலாம் என்று அனஸ்தாசியா கணக்குப் போட்டாள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் முன்னேஸ்வரத்தில் ஒரு பையன் யாத்திரைக்காரரின் வண்டியில் ஏறி மறைந்துவிட்டான் என்று ஆள் வந்தது. அவனைத் தேடி, தேர்முட்டிக்குப் பின்னால் கடலைக்காரிக்கு உதவி செய்துகொண்டிருந்தவனைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டால், மதுரங்குளியில் ஒரு குழந்தைக்கு வயிற்றோட்டம். அதை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நிமிர்ந்தபோது சூரியன் களப்புத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது.

ஆக, சனிக்கிழமை காலை, யாருக்கும் ஒரு சொல்லும் சொல்லி வைக்காமல், ஓல்மஸ் துரையோடு ஒரே தோணியில் அவளும் களப்பைக் கடந்தாள்.

தோணிக்காரர் ஜபார் நானா பாயை இழுத்துக் கட்டிக்கொண்டே அவள் பக்கம் குனிந்தார். "நோனா, தொரட மொகம் பச்சையாகிப் போச்சி. அந்தத் தொப்பிக்குள்ளயே சத்தி எடுத்துருவாரு போல ஈக்கி."

"நான் எடுக்காட்டிப் போதும் நானா."

"ஒங்களுக்கு என்ன?"

"ஒரு புள்ளையைக் காப்பாத்தோணும். எப்படி எண்டு தெரியல்ல."

"அல்லா ஒரு வழி காட்டுவான்" என்று சொன்ன ஜபார் நானா, இறங்கு கரையில் துரைக்கு ஒரு கழுதையைக் காட்டினார். மணலில் சப்பாத்தோடு நடந்து இரண்டுமுறை விழுந்த பிறகு துரைக்கும் வேறு வழியில்லை. ஏறினார். கால் இரண்டும் மணலில் கோடு போட்டன. துரையின் தமிழில் ஒரு விசேஷம் உண்டு: பெரிய மனிதர்களை 'நீ' என்பார். கழுதையைப் பார்த்து, "மெதுவாப் போங்க! நில்லுங்க! தயவு செய்து நில்லுங்க!" என்று கெஞ்சினார். கழுதை அப்படியொரு மரியாதையை வாழ்நாளில் கேட்டதில்லை. உற்சாகத்தில் ஓட்டம் எடுத்தது. பின்னால் தொப்பியைப் பொறுக்கிக்கொண்டு அனஸ்தாசியா ஓடினாள். தென்னந்தோப்பைத் தாண்டி, தாழம் புதரைத் தாண்டி, கழுதை நேராகப் போய் நின்ற இடம் ஆலங்குடாக் கடற்கரை.

அங்கே அந்த நேரம் கரைவலையின் மீன் நிறைந்த பையான மடி கரை ஏறியிருந்தது. சாளையும் நெத்தலியும் வெள்ளிக் குவியலாகத் துள்ளின. ஊரே அதைச் சுற்றி நின்றது. ஆனால் ஒருவரும் மீனைத் தொடவில்லை. எல்லாரும் தோப்புப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காரணம் இருக்கிறது. அந்தக் கரையில் கயிறு இழுத்தவர்களுக்கு ஒரு பங்கு போனபிறகு, பிள்ளைப் பங்கு என்று ஒன்று பிரிப்பார்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு கை கொள்ளுமளவு மீன். ஊர் ஆள் பிரித்தால் சொந்தக்காரிக்குக் கை கொஞ்சம் அகலும், சண்டை வரும் என்பதால், வழியில் போகிற வெளியூர் ஆள் ஒருவரைப் பிடித்துக் கவிழ்த்த தோணியின்மேல் ஏற்றிவிடுவார்கள். அவர் ஒவ்வொரு பிள்ளையாகக் காட்டி, "இது யாருட புள்ள?" என்று கேட்பார். பிள்ளைக்குரியவள், "எங்கட புள்ள!" என்பாள். அவளுடைய ஓலைப்பெட்டியில் மீன் விழும். தாய் இல்லாத பிள்ளையென்றால் யார் முதலில் சொல்கிறாளோ அவளுக்கு. ஆனால் சொன்னால் சொன்னதுதான்: பங்கு எடுத்தவள் அடுத்த மடி ஏறும்வரை அந்தப் பிள்ளைக்குச் சோறு போட வேண்டும், தலை வார வேண்டும், காய்ச்சல் வந்தால் கண் விழிக்க வேண்டும். வெளியூர் ஆளின் தீர்ப்பை மறுத்துப் பேசச் சம்மாட்டியாருக்கும் உரிமை கிடையாது.

அன்றைக்குப் பார்த்து ஒரு வெளியூர் ஆளும் வரவில்லை. காகங்கள் வந்துவிட்டன. வலையின் சொந்தக்காரர் அன்ரனிப்பிள்ளை சம்மாட்டியார் கடல் மாதாவைக் கூப்பிட்டுக் கையை விரித்த நேரம், புழுதி பறக்க, தொப்பியில்லாமல், ஒரு துரை கழுதையில் வந்து இறங்கினார்.

"துரை!" சம்மாட்டியார் ஓடி வந்தார். "துரைக்கு இந்த ஊரில சொந்தம் பந்தம் ஏதும் இருக்கா?"

"எனக்கா? இங்கயா?" துரைக்கு ரோசம் வந்துவிட்டது. "நோ, நோ! ஒண்டும் கிடையாது!"

"அப்பச் சரி. ஏறுங்க மேல!"

நாலு பேர் தூக்கித் தோணியின்மேல் வைத்தார்கள். தன்னுடைய அந்தஸ்துக்குத் தகுந்த மேடை தந்திருக்கிறார்கள் என்று துரை நினைத்துக்கொண்டார். பிள்ளைகள் வரிசையில் வந்து நின்றன. அதே நேரம் மூச்சிரைக்க அனஸ்தாசியா வந்து சேர, அவளைக் கண்டதும் வரிசை முழுவதும் இருமத் தொடங்கியது.

"கடவுளே, எல்லாருக்கும் நோய்!" என்று மூக்கைப் பொத்தினார் துரை. பிறகு குரலை உயர்த்தினார். "ஆர் இங்க அல்பொன்சா?"

எண்ணெய் வழிய வாரி, இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமியை மற்றப் பிள்ளைகள் முன்னுக்குத் தள்ளின. துரை பிரம்பை நீட்டினார்.

"இது யாருட பிள்ளை?"

"எங்கட புள்ள!"

கடற்கரையே வெடித்தது. காகங்கள் ஒரே கும்பலாக எழும்பிப் பறந்தன. பாக்கியம்மா, கத்தரினா, றோசமேரி, இன்னும் பெயர் தெரியாத எத்தனையோ பேர், பெட்டியை ஏந்திக்கொண்டு தோணியைச் சூழ்ந்தார்கள்.

"நான்தான் முதல் சொன்னது துரை!" என்றாள் பாக்கியம்மா.

"பொய்! அவ வாயைத் திறக்க முந்தி நான் சொல்லி முடிச்சிட்டன்!" என்றாள் கத்தரினா. "போன முறையும் இவதான் எடுத்தா!"

துரை இரண்டு கையாலும் காற்றை அமுக்கினார். "அமைதி! அமைதி! சும்மா சொன்னாக் காணாது. பிள்ளைக்கு வருத்தம் வந்தா ஆர் பார்க்கிறது?"

இந்தக் கேள்வி பங்கில் வழக்கமில்லாதது. ஆனால் வெளியூர் ஆள் கேட்டால் பதில் சொல்லத்தானே வேண்டும்.

"அம்மை போட்ட நேரம் என்ட குடிசையிலதான் கிடந்தது!" என்றாள் கத்தரினா. "வேப்பிலைக்கு மரம் ஏறினது நான்!"

"நீ ஏறினியா? ஏறினது என்ட புருசன். நீ கீழ நிண்டு கத்தினது."

"கத்தாட்டி உன்ட புருசன் ஏறியிருப்பானாடி?"

"மிளகாய்ப் பழத்தைத் திருடித் தின்ட நேரம் முதுகில போட்டது நான் துரை!" என்று மார்பில் தட்டினாள் றோசமேரி.

"நீ போட்ட. பிறகு வாய் எரியுது எண்டு அழேக்குள்ள சீனி குடுத்தது ஆர்? கூப்பனுக்கு அளந்து தாற சீனி துரை! என்ட சொந்தப் பிள்ளைக்குக் குடுக்காத சீனி!" என்றாள் பாக்கியம்மா.

துரை கைலேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். மீசையின் மெழுகு உருகத் தொடங்கியிருந்தது. "மிஸ் அனஸ்தாசியா, நான் ஒரு ஆளைத்தான் கேட்டன். இங்க ஒரு பட்டாளமே நிக்குது, மேன்!"

அனஸ்தாசியா அவருடைய தொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு விளங்கிவிட்டது. இது மீனுக்கான சத்தம். இன்னும் கொஞ்ச நேரம், ஒரே கொஞ்ச நேரம் யாரும் மீன் என்ற சொல்லை எடுக்காமல் இருந்தால், துரையைக் கழுதையில் ஏற்றிவிடலாம். கடல் மாதாவே, இவங்கட வாயைக் கட்டு.

"துரை, கெதியா மீனைக் குடுங்க" என்றார் சம்மாட்டியார். "காகம் கொத்துது."

"மீனா? என்ன மீன்?"

"புள்ளப் பங்கு மீன்தான். யாருக்கு எண்டு சொல்லுங்க."

துரை குவியலைப் பார்த்தார். பெட்டிகளைப் பார்த்தார். கைலேஞ்சியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அவருடைய முகம் தோணியில் இருந்ததை விடப் பச்சையாகிவிட்டது.

"மீனுக்காகவா?"

ஏந்தின பெட்டிகள் கீழே இறங்கின. துரைக்குப் பின்னாலேயே, அதே குரல், அதே இழுப்பு, இல்லாத மீசையை முறுக்கும் அதே விரல்: "மீ...னுக்காகவா, மேன்?" என்றாள் அல்பொன்சா. பிள்ளைகள் வரிசை குலைந்து மணலில் உருண்டது.

பாக்கியம்மா மட்டும் சிரிக்கவில்லை. "ஓம் துரை, மீனுக்குத்தான். பங்கு எடுத்தாச் சோறு போடோணும். எடுத்திட்டுப் போடாட்டி நாளைக்கு ஒருத்தரும் என்ட பெட்டியில ஒரு நெத்தலிகூடப் போடமாட்டாங்க. உங்கட சங்கத்தில எப்படி? பங்கு எடுக்கிறவங்க சோறு போடுறதில்லையா?"

அப்போதுதான் அனஸ்தாசியா முன்னுக்கு வந்தாள்.

"சேர், இந்தப் பிள்ளைக்குக் காவல் நான் எண்டு நீங்க நினைச்சிருக்கிறீங்க. வலைக்காலம் தொடங்கினதுக்குப் பிறகு நான் இந்தப் பக்கம் வரவே இல்லை. இவளுக்கு அம்மை போட்டது எனக்கு இப்பத்தான் தெரியும். வந்தாலும் என்ன செய்யிறன்? இருமல் எப்படி எண்டு கேட்டிட்டுப் போறன். அவ்வளவு பிள்ளையையும் தனி ஒருத்தி இழுக்க ஏலாது சேர். இங்க பாருங்க, ஒரு வலைக்கே எத்தனை பேர் கயிறு பிடிக்கிறாங்க."

துரை மீசையைத் தேடினார். அது இரண்டு பக்கமும் தொங்கிப்போயிருந்தது. அல்பொன்சா சிரிப்பை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னல் நுனி வாய்க்குள் போயிருந்தது.

"வெளியூர் ஆள் என்ன சொன்னாலும் செல்லுமா?" என்று மெல்லக் கேட்டார் துரை.

"சொன்னாச் சொன்னதுதான்" என்றார் சம்மாட்டியார். "என்னாலயும் மாத்த ஏலாது."

துரை கோட்டைக் கழற்றி அனஸ்தாசியாவிடம் எறிந்தார். குனிந்து இரண்டு கையாலும் சாளையை அள்ளிப் பாக்கியம்மாவின் பெட்டியில் கொட்டினார். சந்தோசக் கூச்சல். அடுத்த கை கத்தரினாவின் பெட்டியில். அடுத்தது றோசமேரிக்கு.

"துரை! துரை! ஒரு புள்ளைக்கு ஒரு பங்குதான்!" சம்மாட்டியார் பதறினார்.

"நான் வெளியூர் ஆள்!" துரை அடுத்த கையை அள்ளினார். கன்னத்தில் செதில் மின்னியது. "சொன்னாச் சொன்னதுதான், மேன்! சத்தம் போட்ட எல்லாருக்கும் பங்கு. எல்லாரும் சோறு போடு! எல்லாரும் தலை வாரு! பிள்ளை இங்கதான்!"

அல்பொன்சா மணலில் குட்டிக்கரணம் அடித்தாள். "ராவைக்கு உன்ட வயிறு வெடிக்கப் போகுதடி" என்று பாக்கியம்மா அவளைப் பிடித்து இழுத்து இடுப்போடு அணைத்தாள்.

அதோடு துரை இறங்கவில்லை. யாரால் இறக்க முடியும்? அந்தக் கரையில் சங்கத்தின் பொறுப்பில் இருந்த ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டார். "யாருட பிள்ளை?" என்று கேட்டார், அள்ளிக் கொட்டினார். தவறணையிலேயே கிடக்கிறவனின் மகனுக்கு இரண்டு மாமிகள் கிடைத்தார்கள். அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கும் இரட்டைக் குழந்தைகளுக்கு வலைக்காரர் ஒருவரே கூச்சத்தோடு கை தூக்கினார். ஏதும் அவசரமென்றால் ஜபார் நானாவின் தோணியில் சொல்லியனுப்புவது, நோனா எல்லாவற்றுக்கும் ஓடி வரத் தேவையில்லை என்று முடிவானது.

"கற்பிட்டியிலயும் மடி ஏறுது, சேர்" என்றாள் அனஸ்தாசியா, தற்செயலாகச் சொல்வதுபோல. "கனமூலையில வலை இல்லை. ஆனா அறுவடைக்குக் களத்தில எல்லாரும் ஒண்டா நிப்பாங்க."

தோணியிலிருந்து இறங்கிய துரை, மணலில் விரித்த வேட்டியின்மேல் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். செக்கிரட்டரியின் கனத்தைக் குரலுக்குத் திருப்பிக் கொண்டுவரப் பார்த்தார். "சங்கத்துக்கு நான் விளக்கம் சொல்லோணும். எல்லா ஊரிலயும் செய்து பார். ஆனா தற்காலிகமாகத்தான். விளங்குதா? தற்காலிகமாக."

"விளங்குது சேர்" என்றாள் அனஸ்தாசியா. உள்ளுக்குள் பாண் அடுப்பு பற்றினதுபோல ஒரு சிரிப்பு கிளம்பியது. அந்தச் சங்கத்தில் தற்காலிகம் எவ்வளவு காலம் நிற்கும் என்பது இந்தக் கரையில் அவளை விட யாருக்குத் தெரியும்?

குடையை எடுத்துக்கொண்டு தோணிக்குப் புறப்பட்டாள். இன்னும் ஏத்தாளையில் இரண்டு வீடு பார்க்க வேண்டும். காலையில் எதுவும் தின்னவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நேற்றும் தின்றதாக ஞாபகம் இல்லை.

"நில்லுங்க! தயவு செய்து நில்லுங்க!"

திரும்பிப் பார்த்தாள். கவிழ்த்த தோணியின்மேல், காது வரைக்கும் இறங்கின துரையின் தொப்பியோடு, பிரம்பைப் பிடித்துக்கொண்டு அல்பொன்சா நின்றாள். பிரம்பின் நுனி நேராக அனஸ்தாசியாவைக் காட்டியது. குரல் முழுக்க ஓல்மஸ் துரை.

"மேன், இது யாருட பிள்ளை?"

மீனோடு வீட்டுக்குப் புறப்பட்டவர்கள் திரும்பினார்கள்.

"எங்கட புள்ள!"

முதல் குரல் பாக்கியம்மாவுடையதுதான். அதில் சண்டைக்கே இடமில்லை. மற்றவர்களும் விடவில்லை. "எங்கட புள்ள! எங்கட புள்ள!" என்று பெட்டிகள் உயர்ந்தன. அன்ரனிப்பிள்ளை சம்மாட்டியார் தலையில் அடித்துக்கொண்டே வந்து, மிஞ்சிக் கிடந்த மீனில் இரண்டு கை அள்ளிப் பாக்கியம்மாவின் பெட்டியில் போட்டார்.

"பங்கு எடுத்தாச்சு" என்றாள் பாக்கியம்மா, அனஸ்தாசியாவின் குடையைப் பிடுங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. "சோறு தின்னாமப் போக ஏலாது, மகள். வா."

அனஸ்தாசியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லுக்கு முன் அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க முகத்தைத் திருப்பி, இரண்டு மூன்று தரம் இருமினாள்.

தோணியின் மேலிருந்து தொப்பி எட்டிப் பார்த்தது. இந்தமுறை குரல் மாறியிருந்தது. அச்சு அசலாக அனஸ்தாசியாவின் குரல்.

"இருமல் எப்படி, குஞ்சு?"